அண்ணியின் கிளாஸ் புடவை

என் சண்டைக்கார கலா அண்ணிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. குப்பத்தில் வேறு யாராவது உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பதினாறாம் நாள் காரியத்தன்று உன் அம்மா என்னை உற்றுப் பார்த்து, "இன்னாடி சுமதி, கல்லு மாரி நிக்கிற" என்று கேட்டார். நான் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடுத்த இலையைப் போட்டேன்.

வீட்டுச் சேதி சொல்கிறேன். அண்ணன் கடலுக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான். உன் பேச்சை எடுத்தால் வலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறான். நான் தி.நகர் புடவைக் கடை வேலையை விட்டுவிட்டேன். உன் தெர்மாகோல் பெட்டியும் அரிவாள்மனையும் இப்போது என் கையில். முதல் வாரம் வஞ்சரத்தைத் துண்டு போடச் சொன்னார்கள். நான் போட்ட துண்டுகளைப் பார்த்து உன் மந்தைவெளி வாடிக்கைக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஒன்றும் சொல்லாததுதான் அவமானமாக இருந்தது.

உன் பெண் ரித்திகா நன்றாக இருக்கிறாள். மூன்றாவது முடித்து நான்காவது போகிறாள். ஆனால் 'ரெண்டு ரூமு'க்கு மட்டும் போவதில்லை. இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்குப் புரிய வேண்டும் இல்லையா? குப்பத்துக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு அறைகள். ஒன்றில் நம் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும், சுண்டல் சாப்பிடும். மற்றதில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் எழுதப் படிக்க, தைக்க, பத்தாவது பரீட்சை எழுதக் கற்றுக்கொள்வார்கள். கடைசி அரை மணி நேரம் நடுக்கதவைத் திறந்துவிடுவார்கள். எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பாயில் உட்கார வேண்டும். பிள்ளை அன்றைக்குப் படித்ததை அம்மாவுக்குச் சொல்லித்தர வேண்டும், அம்மா தனக்குத் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். அதற்குப் பெரிய பெயர் ஒன்று பலகையில் எழுதியிருக்கிறது. குப்பத்துக்கு அது 'ரெண்டு ரூமு'தான்.

முதலில் அம்மாக்கள் வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைத்தார்கள். படகு வந்து மீன் விற்கிற நேரத்தில் எவள் போவாள்? ஒருத்தியும் போகவில்லை. தாய்மார்களுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்களாம். நீதான் முழங்கை வரைக்கும் செதிலோடு நேராகப் போய் நின்றாய். "ஆர்வம் கீது டீச்சர். நேரந்தான் இல்ல. நாலு மணிக்கு வெய்ங்க. புள்ளயும் ஸ்கூல் வுட்டு வரும், நாங்களும் குளிச்சிட்டு வருவோம்" என்றாய். நாலு மணி உன் நேரம், அண்ணி. இன்றைக்கும் அதுதான் நடக்கிறது.

நீங்கள் எல்லோரும் சாதாரணமாகவா குளித்தீர்கள்? ஒரு தரம் சோப்பு, இன்னொரு தரம் எலுமிச்சம்பழத் தோல். அப்புறம் கிளாஸ் புடவை. மீனுக்குப் போகிற புடவை வேறு, கிளாசுக்குப் போகிற புடவை வேறு. உன்னுடையது நீலத்தில் மஞ்சள் பூ போட்டது. ஆடித் தள்ளுபடியில் நான் எடுத்துக்கொடுத்தது. அதைக் கொடியில்கூட மற்றப் புடவைகளோடு சேர்த்துக் காயப்போட மாட்டாய்.

நான் உன்னைக் கிண்டல் செய்தேன். முப்பத்தோரு வயசில் பேக்கைத் தூக்கிக்கொண்டு போகிறாயே, டிபன் பாக்சும் கட்டட்டுமா என்று கேட்டேன். வீட்டிலேயே பிளஸ் டூ படித்தவள் நான் ஒருத்திதான் என்கிற திமிர். ஒரு நாள் அறிவியல் புத்தகத்தைப் பிரித்துவைத்து ஒரு கேள்வி கேட்டாய். நாளெல்லாம் கடையில் நின்ற கால் வலிக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். கால் வலித்தது உண்மைதான். ஆனால் டிவி முன்னால் உட்கார அதே கால் மடங்கியது. அந்த 'நாளைக்கு' வருவதற்குள் மழை வந்தது, உனக்குக் காய்ச்சல் வந்தது. நாலே நாள். என்ன கேள்வி கேட்டாய் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அது உனக்கு நினைவிருக்கிறதா?

நீ போன பிறகு ரித்திகா கொஞ்ச நாள் ரெண்டு ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். கடைசி அரை மணி நேரம் வந்ததும் எழுந்துவந்து படியில் உட்கார்ந்துகொள்வாளாம். அப்புறம் நின்றுவிட்டாள். கேட்டதற்கு, "ஜோடி இல்லாம நா மட்டும் இன்னாத்துக்கு?" என்றாள். நான் சோறு போட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்துக்காரர்கள் அம்மாக்கள் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சாமான் போட்டுவைக்க இடம் வேண்டுமாம். பிள்ளைகள் அறை இருக்கும். நடுக்கதவைப் பூட்டிவிடுவார்கள். வார்டுக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள் என்று டீச்சர் சொன்னார். "குப்பத்துல எல்லாரும் கையெழுத்துப் போடுவாங்க சுமதி. வெளியில இருக்கறவங்களும் கேட்டாதான் எடுபடும். உங்க அண்ணியோட கஸ்டமருங்க போடுவாங்களா?" என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். பெரிய லட்சியம் எல்லாம் இல்லை. கதவைப் பூட்டிவிட்டால் ரித்திகா திரும்பிப் போக இடம் இருக்காது என்பது மட்டும் தெரிந்தது.

இதில் நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. உன் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேருக்கு நீ போனதே தெரியாது. நீ ஊருக்குப் போயிருக்கிறாய் என்றே நினைத்து என்னிடம் இத்தனை மாதமாக மீன் வாங்கியிருக்கிறார்கள். நானும் சொல்லவில்லை. இப்போது காகிதத்தை நீட்டினால், "கலா வரலையா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் சொல்ல வேண்டியிருந்தது. முதல் வாசலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது வாசலில், இன்றைக்குச் சங்கரா மீன்தான் இருக்கிறது என்பதைப் போலச் சொல்லிவிட்டேன். "அண்ணி எறந்துட்டாங்கம்மா. காய்ச்சல். இதுல ஒரு கையெழுத்து." எல்லோரும் ஐயோ என்று நெஞ்சில் கை வைத்தார்கள். படிக்காமலே போட்டுக்கொடுத்தார்கள்.

மூன்றாம் மாடி சார் மட்டும் போடவில்லை. பேங்கில் ரிடையர் ஆனவர், நீ பயப்படுவாயே, அவர்தான். கண்ணாடியைத் தேடி எடுத்து முழுதாகப் படித்தார். "குழந்தைங்களுக்குன்னா இப்பவே போடறேன். அம்மாங்களுக்கு எதுக்கும்மா தனியா ஒரு ரூம்? அவங்க ஏதோ பொழச்சுக்கறாங்க. வர தலைமுறையைப் பார்ப்போமே" என்றார். தப்பாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். நான், "தலைய வெச்சுக் குடுக்கட்டா சார், எடுத்துடட்டா?" என்று மீனைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன்.

அப்புறம் நான் செய்த காரியத்தைக் கேள். நம் பெண்கள் எந்தக் காகிதத்தையும் எங்கே வைப்பார்கள்? மீன் பெட்டி மூடிக்கு அடியில். காற்றில் பறக்காது, கை மறக்காது. கையெழுத்துக் காகிதத்தையும் நான் அங்கேயே செருகினேன். மந்தைவெளியிலிருந்து வருவதற்குள் ஐஸ் உருகி, எல்லா மையும் ஒன்றாகிவிட்டது. அம்மாக்கள் அறையில் டீச்சர் முன்னால் பிரித்தால் ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. சங்கரா வாடை மட்டும் நன்றாக வந்தது. டீச்சர் பாவம், மூக்கைப் பிடிக்கவும் முடியாமல் நின்றார். ஒருத்தி சிரித்தாள், உடனே அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு முகத்தில் இருந்தது, உள்ளே இறங்கவில்லை.

மறுபடி எல்லா வாசலும் ஏறினேன், இந்தத் தரம் பிளாஸ்டிக் கவரோடு. அண்ணி, இரண்டாவது தரம் ஒருத்தரும் உன்னைக் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் நீ பழைய சேதி ஆகிவிட்டாய். "போன வாரம் போட்டேனே?" என்றுதான் கேட்டார்கள். எனக்கு அந்த ஏழு மாதத்தில் முதல்முதலாகச் சுருக்கென்றது. ஆனால் அவர்கள் துக்கம் தீர்ந்துபோனதால்தான் இப்போது காகிதத்தைப் படித்தார்கள். ஒரு அம்மா, "போன தரம் மனசு கேக்காம போட்டுட்டேன், நமக்கு எதுக்கும்மா வம்பு" என்று கதவைச் சாத்திவிட்டார். இன்னொருவர், தன் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார். வேறு ஒருவர் தன் மாமியாரையும் கூப்பிட்டுப் போடச் சொன்னார். முதல் தரம் உனக்காகப் போட்டார்கள். இரண்டாவது தரம் போட்டவர்கள் ரெண்டு ரூமுக்காகப் போட்டார்கள்.

மூன்றாம் மாடிக்கும் ஏறினேன். சார் கதவைத் திறந்ததுமே, "அதேதாம்மா என் பதில்" என்றார். நான் ரித்திகா டைரிக் கதையைச் சொன்னேன்.

"சார், எங்க அண்ணிக்குப் படிக்கத் தெரியாதப்போ, ஸ்கூல் டைரில டீச்சர் இன்னா எழுதி வுட்டாலும் புள்ளதான் படிச்சிக் காமிக்கும். 'நல்லா படிக்கிதுன்னு எழுதிக்கீறாங்கம்மா'ன்னு சொல்லும். அண்ணியும் நம்பி வருசம் பூரா எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சிக்கினு இருந்திச்சு. ரெண்டு ரூமுக்குப் போனப்புறம் ஒரு நாளு அண்ணியே எழுத்துக்கூட்டிப் படிச்சிது. வீட்டுப்பாடமே எழுதலன்னு இருந்திச்சு, எல்லாப் பக்கத்துலயும். அன்னிக்கு மாட்டினதுதான் சார். அப்புறம் புள்ள நெஜமாவே படிக்குது."

சார் சிரித்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா, "போடுங்களேன். நம்ம பையன் டைரியை நான் படிக்காம வேற யாரு படிச்சா?" என்றார். சார் பேனாவை எடுத்து, பெயர், பழைய பதவி, கதவு எண் எல்லாம் எழுதி, அடியில் கோடும் போட்டார்.

கூட்டத்துக்கும் வந்தார். நம் பெண்கள் எல்லோரும் இரண்டு தரம் குளித்து, கிளாஸ் புடவை கட்டி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் வேறு வார்டு ஆச்சே என்று யாரோ கேட்டார்கள். "மீன் எங்க வார்டுக்குத்தானே வருது" என்று சார் சொன்னார். என்னையும் பேசச் சொன்னார்கள். உன் நாலு மணிக் கதையைச் சொன்னேன். கை தூக்கச் சொன்னபோது குப்பமும் தூக்கியது, பக்கத்து ஃபிளாட்காரர்களில் பலரும் தூக்கினார்கள். சிலர் தூக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு இரண்டு அறையும் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கவுன்சிலர் சொன்னார். ஒரு வருஷம்தான், அண்ணி. உன்னிடம் கூட்டிச் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து ரித்திகாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினாள்.

"எனக்கு ஜோடி?"

"நா வரேன்."

"அம்மா மீனு பத்தி சொல்லித்தரும். காத்து பத்தி சொல்லித்தரும். உனக்கு இன்னா அத்தை தெரியும்?"

பிளஸ் டூ படித்தவளைக் கேட்கிறாள் பார். நான் யோசித்துத்தான் சொன்னேன். "பொடவ மடிக்கத் தெரியும்."

திங்கட்கிழமை போனோம். கடைசி அரை மணி நேரம் கதவு திறந்தது. பாயில் உட்கார்ந்தோம். அவள் பையிலிருந்து உன் நீலப் புடவையை எடுத்தாள். உன் துணிப்பெட்டியை நான் இன்னும் திறக்கவே இல்லை. அவள் எப்போது திறந்தாள் என்று தெரியாது.

அந்தப் பக்கம் இரண்டு முனையை அவள் பிடித்தாள், இந்தப் பக்கம் இரண்டு முனையை நான். அவள் கை குட்டை, புடவை நடுவில் தரையைத் தொட்டது. இழுத்துப் பிடி என்றேன். பிடித்தாள். பாதியாக்கி, உதறி, அவள் என்னை நோக்கி நடந்துவந்து தன் முனைகளை என் கையில் கொடுத்தாள். மீன் வாடை இல்லை. அவ்வளவு பார்த்துப் பார்த்துத் துவைத்திருக்கிறாய். தேடிப் பார்த்தேன், உன் வாசனையும் இல்லை.

கடையில் அடுக்குகிற மாதிரி மடித்து முடித்ததும் ரித்திகா அதைத் தடவிப் பார்த்தாள். "பிரிச்சி இன்னொரு வாட்டி மடிக்கலாமா அத்தை?" என்றாள். பிரித்தோம். மணி அடிக்கும் வரைக்கும் பிரித்துப் பிரித்து மடித்தோம். கிளம்பும்போது அதை என் மடியில் வைத்துச் சொன்னாள், "நாளிக்கு இத நீ கட்டிக்கினு வா."

கட்டிக்கொள்கிறேன், அண்ணி. உன் அறிவியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கிறேன். நீ கேட்டது எந்தக் கேள்வி என்று தெரியாததால், எல்லாக் கேள்விக்கும் பதில் படிக்கிறேன். நாளைக்கு நாலு மணிக்குள் மீனை முடித்து, இரண்டு தரம் குளித்துவிட்டு உன் புடவையைத் தொடுவேன்.

இப்படிக்கு,
நீ கேட்ட அன்றைக்குக் கால் வலித்த நாத்தனார்,
இனிமேல் ரித்திகாவுக்கு ஜோடி,
சுமதி