ஏழே காலுக்கு வரும் முனகல்

அன்புள்ள டீச்சருக்கு,

இங்கே நான் நலம். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே விழுந்து பேசுவேன். அதனால்தான் கடிதம்.

உன் அக்கா ஊரிலேயே ஒரு பள்ளியில் உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். சகலை சொன்னார். சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடு.

நம் ஆம்ப்ளிஃபயரில் சத்தம் இருக்கிறது. நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு.

ஸ்பீக்கரில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றேன். ‘ஸ்பீக்கர்ல இல்லைங்க, பாட்டே போடாதப்பவும் அந்தப் பெட்டி முனகுது’ என்று எத்தனை தடவை சொன்னாய்! உன் காதில்தான் கோளாறு என்று டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். காது நன்றாகவே இருக்கிறது என்றார் அவர். இரண்டு வாரம் கழித்தும் நீ விடாமல் சொன்னபோது, அப்படியானால் எல்லாம் உன் மனப்பிரமை என்றேன். அன்று சாயங்காலமே நீ அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

நேற்று அந்தக் காது டாக்டரின் ரிப்போர்ட் கையில் கிடைத்தது. பின்பக்கம் பதினொரு நாள் குறித்து வைத்திருக்கிறாய். ‘7.15 ஆரம்பம். 7.25 நின்றது. ஞாயிறு இல்லை.’ இன்று காலை ஏழே காலுக்கு ஆம்ப்ளிஃபயர் இருக்கும் பலகையில் கையை வைத்தேன். பலகை அதிர்ந்தது.

நம் வீட்டில் வேறு எதுவும் ஓடவில்லை, நம் லைனில் இருப்பது மாடி வீடு மட்டும்தான். மாடிக்கு ஓடினேன். மாடி வீட்டு அக்கா ஈரத் தலையும் ஹேர் டிரையருமாகக் கதவைத் திறந்தார். ‘என்ன தம்பி, உங்களுக்கு இப்பத்தான் விடிஞ்சுதா? டீச்சர் போன மாசமே வந்து, இதைப் பாதிச் சூட்டுல வைங்கக்கா, இப்ப ஃபுல் சூட்டுல வைங்கக்கா, கீழே போய்க் கேட்டுட்டு வர்றேன்னு ரெண்டு தடவை ஏறி இறங்கிச்சே. உங்ககிட்ட சொல்லலையா?’ என்றார். சொல்லியிருப்பாய். நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

விஷயம் இதுதான்: முழுச் சூட்டில் தொல்லை இல்லை; பாதிச் சூட்டில்தான் அந்த டிரையர் கரண்ட் அலையின் ஒரு பாதியை மட்டும் இழுக்கிறது. அந்தக் கோணல் நம் லைனுக்கும் வந்து, ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு திணறி அதிர்கிறது. நான் நாலு வருஷம் படித்ததை நீ ரெண்டு தடவை படி ஏறி இறங்கிக் கண்டுபிடித்துவிட்டாய். முப்பது குழந்தைகள் கத்துகிற வகுப்பில், அடுத்து எது அழப்போகிறது என்று தெரிந்துகொள்கிற காது அது. அதைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, எனக்கு எவ்வளவு திமிர்!

நீ பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த துண்டை, சூடேறும் என்று பிடுங்கி எறிந்தேன் இல்லையா? அதிர்வைப் பலகைக்குப் போகவிடாமல் தடுக்க நினைத்திருக்கிறாய். சரியான யோசனை. இன்று டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ரப்பர் வைத்து, இறுகிக் கிடந்த போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். அந்தக் கோணல் உள்ளே வராமல் தடுக்க ஒரு சின்ன சர்க்யூட்டும் போட்டேன். மாடி அக்கா எனக்காகக் காய்ந்த தலையையே மறுபடி கால் மணி நேரம் காயவைத்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கும்தான் எதுவும் கேட்கவில்லை. நீ கேட்டுச் சொன்னால்தான் நம்புவேன்.

அந்தப் பள்ளிக்கூடம் உனக்குப் பிடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல். சனிக்கிழமை காலை பஸ்ஸில் அங்கே வருகிறேன். நீ முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்க மாட்டேன். என்னை வாசலிலேயே நிற்க வைத்துச் சொன்னாலும் சரி.

உன் பேச்சைக் கேட்கக் காத்திருக்கும்,
உன்னவன்