பத்தாவது ஆள்

அன்பு மகளே,

உன் இடம் எனக்குத் தெரியாது. நம் சமூகப் பெண்கள் காப்பகத்துப் பெண்மணி இதை உன்னிடம் சேர்ப்பாள்.

நேற்று உன் புருஷன் நப்தலி, அவன் அப்பாவின் நினைவு நாளென்று நம் யூத ஜெப ஆலயத்துக்கு வந்தான். இறந்தவருக்கான ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டுமே! அவனோடு சேர்த்துச் சரியாகப் பத்தே பேர். நான் சிங்கம்போல எழுந்து வாசலுக்கு நடந்தேன். மெல்போர்னே அதிர்ந்தது.

"மாமா, எங்க போறீங்க? என் அப்பாவுக்கு ஜெபம் சொல்லணும்!"

"முதல்ல எம் பொண்ணுக்கு மணவிலக்குச் சீட்டு குடுடா. நம்ம சட்டப்படி நீ குடுக்காம அவ விடுபட முடியாதே."

கை ஓங்கினான். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். இதை வெளியே சொல்லாதே.

"அப்போ நானும் கெளம்பறேன்பா," என்று எழுந்தார் நம் மதகுரு ரபி. ஒவ்வொருவராக எல்லோரும் வெளியேறினோம்.

இன்று சீட்டுக்குச் சம்மதித்துவிட்டான். காப்பகத்துப் பெண்மணியோடு ரபியே உன்னிடம் கொண்டுவருவார்.

நூறு பேரை விரட்டினேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறேன். உன் சித்தி மட்டும் கேட்டாள்: "போன வருஷம் வீங்கின கன்னத்தோட வந்து கதவத் தட்டினாளே, அனுசரிச்சுப் போன்னு திருப்பி அனுப்பினீங்களே, அதையும் சொல்றீங்களா?"

உனக்கு மட்டும் சொல்கிறேன். அனுப்பினேன்.

வீட்டுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். இனி நீ தட்ட வேண்டாம்.

உன் சித்தப்பா