சேற்றில் மாற்றிய கியர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம். ரொட்டோருவாவில் ஓயாத மழை.

எங்கள் சைக்கிள் கடைக்கு இரண்டு கம்பெனிகளின் புதிய கியர்கள் வந்தன. ஓட்டிப் பார்த்தவர் எது மேல் என்று பலகையில் எழுதுவார்; அதை நம்பித்தான் ஆட்கள் வாங்குவார்கள். கூட வேலை செய்யும் ரேவி, கடை வாசலிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, முதல் கம்பெனி என்று எழுதினான்.

“மலைச் சேத்துல மாத்திப் பாக்கணும்,” என்றேன்.

“டேய், ஊமைக்கு வாய் வந்துடுச்சுடா!” என்று ரேவி கடைப் பையன்களைக் கூப்பிட்டுச் சொன்னான்.

இரண்டையும் ஆளுக்கொரு சைக்கிளில் மாட்டி, மலைக்காட்டுக்குக் கொண்டுபோனோம். ஏற்றத்தில் அழுத்தி மிதித்தபடியே கியரை மாற்றினேன். முதலாவதில் சங்கிலி நழுவி நான் விழுந்தேன். சிராய்ப்புதான், அப்பா. இரண்டாவது மெதுவாகத்தான் மாறியது, ஆனால் நழுவவில்லை.

“உனக்கு ஓட்டத் தெரியல. கியர் மேல பழி போடாத, தங்கச்சி,” என்றான் ரேவி.

“சரி, நீ ஏறு.”

அவனுக்கும் அதே ஏற்றத்தில் நழுவியது. “மழைதான் காரணம்,” என்றான். “மழை நின்னப்புறமா இங்க வண்டி ஓட்டுறாங்க?” என்று கேட்டேன். பலகையில் அவன் எழுதியதை அழித்து, இரண்டாவது கம்பெனி என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். இன்னும் யாரும் அழிக்கவில்லை.

பள்ளியிலேயே வாய் திறக்காதவள் கடையில் என்ன செய்வாள், மாதக் கடைசியில் வந்து கூட்டிப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வாருங்கள். கம்பளிக் காலுறையும் புகையில் வாட்டிய விலாங்கு மீனும் கொண்டுவாருங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் ருசிப்பதில்லை. நாயையும் கூட்டிவாருங்கள். நீங்கள் ஊர் திரும்பும்போது, வண்டியில் எனக்கென்று வைத்த இருக்கையில் அது படுத்துக்கொண்டு போகட்டும்.

கடையைத் திறந்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

கஹுரங்கி