பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை

அன்புள்ள அண்ணி,

மடுல்சீமையில் இன்று நல்ல வெயில். நான் மறுபடியும் கதை படிக்கிறேன். அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நம் லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு நாவல் வந்தால், மூன்று வீடும் ஒரே நேரத்தில் படிக்க அதை மூன்றாகப் பிரித்துத் தைத்துக்கொள்வோமே. அந்தக் கல்யாணக் கதையில் எனக்குக் கடைசித் துண்டுதான் முதலில் கிடைத்தது. பசி தாங்காமல் பின்வாசலால் வந்து பந்தியில் உட்காருகிறவனைத் திருடன் என்று நினைத்து, மறுநாள் தேயிலை மலையில் உங்களிடம் திட்டித் தீர்த்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "அடியே, அவன்தாண்டி மாப்புள்ள!"

நீங்கள் கண்மூடிய பிறகு எனக்கு மனசு சரியில்லாமல் போய்விட்டது. தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். அண்ணன்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மன அழுத்தம் என்று டாக்டரம்மா மாத்திரை தந்தார்.

அந்த நாட்களில் அதே பந்தியைப் படித்து அழுதேன், அண்ணி. ஊரே சிரிக்க, ஒருவன் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஓர் எழுத்துகூட மாறவில்லையே, கதை எப்படி மாறியது? பிறகு எந்தக் கதையில் யார் கதவைத் தட்டினாலும் சாவுச் செய்தி என்று பயந்து மூடிவைத்தேன்.

"கதை படிக்க முடியலைங்க" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் அதையும் ஒரு நோவாகவே கேட்டுக்கொண்டார். "அவசரப்படாதீங்க, முடிஞ்சப்ப ஒரு பக்கம் வாசிங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பந்தியைப் படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் இல்லாத வீட்டில் சிரிக்கலாமா? அண்ணன் அடுப்படியிலிருந்து வந்து நின்றார். திட்டப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அவ சிரிச்ச எடமா?"

"ஆமாண்ணே."

"சத்தமா படி. நானும் கேக்குறேன்."

படித்தேன். அண்ணன் சிரித்தார். நீங்கள் போனதிலிருந்து இதுதான் முதல் தடவை. சிரித்துக்கொண்டே அழுதார், நானும் அழுதேன். ஆனால் புத்தகத்தை மூடவில்லை.

மாத்திரையை நிறுத்த மாட்டேன், அண்ணி. மறுபடியும் கதை கசந்தால் மனசு தேறும்வரை காத்திருப்பேன். அண்ணனுக்கு ஞாயிறுதோறும் வாசித்துக் காட்டுவேன். சிரிப்பு வந்தால் இனி அடக்க மாட்டோம், நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் நாத்தனார்,
செல்வி