உன் தங்க அட்டையும் என் எரிச்சலும்

இன்று காலை அலுவலகத்தைத் திறந்து கணினியைப் போட்டதும் உனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. "எங்கள் மதிப்புக்குரிய தங்க உறுப்பினரே" என்று தொடங்கி, நீ பறந்து சேர்த்த மைல்களில் ஒரு பகுதி இந்த மாதக் கடைசியில் காலாவதியாகப் போகிறது என்றும், அடுத்து எங்கே பறக்க விரும்புகிறாய் என்றும் அந்த விமான நிறுவனம் கேட்டிருந்தது. உன் கணக்கைத் தொடங்கிய நாளில் என்னுடைய மின்னஞ்சலைத்தானே கொடுத்தோம். நீ போய்ச் சேர்ந்ததை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் கணக்கை மூடிவிடுவார்கள். உறுப்பினர் மவுத்தானால் மைல்களும் அவரோடு போய்விடும், வாரிசுக்குக் கிடையாது என்பது அவர்களுடைய விதி.

வாசித்தபோது எனக்குக் கண் கலங்கவில்லை. "தங்க உறுப்பினர்" என்ற சொல்லைப் பார்த்ததும் நெஞ்சுக்குக் கீழே பழைய இடத்தில் பழையபடி எரிந்தது. உனக்குச் சொல்வதில் வெட்கமில்லை. நீ அறியாத எரிச்சலா, பொறாமையா அது?

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ஒரே கிழமையில்தான் இரண்டு பேரும் ஹாஜியாரின் டிக்கெட் அலுவலகத்தில் சேர்ந்தோம். கல்முனைப் பிரதான வீதியில் மருந்துக் கடைக்கு மேல்மாடி. ஒரு கணினி, இரண்டு ஸ்டூல். ஒரே விமானத்தில், ஒரே வரிசையில் உள்ள சீட்டுகளுக்குக்கூட வெவ்வேறு எழுத்து இருக்கும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டோம். 'எம்' என்று போட்டிருந்தால் பறந்த தூரம் முழுவதும் மைலாகச் சேரும். 'கியூ' என்றால் கால்வாசி. 'ஓ' என்றால் ஒன்றுமே இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே சோற்றைத் தின்றுவிட்டு இறங்குகிற இரண்டு பேரில் ஒருவருக்கு மைல் சேரும், மற்றவருக்குச் சேராது. நீ அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

சுனாமிக்குப் பிறகு ஊருக்குள் வந்த வெளிநாட்டு நிவாரண நிறுவனங்களில் ஒன்று, ஆட்களையும் சாமான்களையும் இடத்துக்கிடம் அனுப்பும் வேலைக்கு ஆள் தேடியது. இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். இரண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். உன்னைவிட என் ஆங்கிலம் நல்லது. கணினியில் தட்டுவதிலும் என் கைதான் கெதி. ஆனால் அந்த வெள்ளைக்காரப் பெண் ஏதோ கேட்டபோது நான் சரியான பதிலைச் சொன்னேன், நீ அவளைச் சிரிக்க வைத்தாய். வேலை உனக்குக் கிடைத்தது.

"அடுத்த முறை ஒனக்குக் கிடைக்கும்கா," என்று படியிறங்கும்போது என் கையைப் பிடித்தாய். அடுத்த முறை என்று ஒன்று வரவில்லை. ஊரில் வேலை முடிந்ததும் அந்த நிறுவனம் உன்னை வேறு நாடுகளுக்கு அனுப்பியது. கடைசியில் நைரோபியில் இருத்தியது. நான் அதே ஸ்டூலில் இருந்தேன்.

உன் கணக்கை நான் திறந்து தந்தேன். உனக்கு அதற்கெல்லாம் பொறுமை கிடையாது. விமானத்தில் ஏறும் அட்டைகளைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவாய். மைல் சேராமல் விடுபட்ட பயணங்களை நான் ஒவ்வொன்றாக எழுதிக் கேட்டு வாங்குவேன். செலவழிக்கிற மைல் வேறு, தரத்தை உயர்த்துகிற மைல் வேறு என்பதையும், தரம் ஒவ்வொரு வருடமும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியது என்பதையும் உனக்கு எத்தனை தரம் விளங்கப்படுத்தியிருப்பேன். நீலத்தில் தொடங்கினாய். வெள்ளிக்கு வந்தாய். ஒருநாள் தங்கம் என்று திரையில் வந்தது. அந்த அட்டை தபாலில் என் அலுவலக விலாசத்துக்குத்தான் வந்தது. உறையைப் பிரித்து, உன் பெயரைத் தடவிப் பார்த்து, மறுபடி ஒட்டி வைத்தேன். அதை நீ அறிய மாட்டாய்.

நான் அதுவரைக்கும் விமானத்தில் கால் வைத்ததில்லை. மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறவர்களுக்கு எந்த வாசலில் திரும்ப வேண்டும், எங்கே பெட்டியை எடுக்க வேண்டும், எங்கே தொழுகைக்கு வுழூச் செய்யலாம் என்று வரைந்து கொடுப்பேன். நிந்தவூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒருநாள் கேட்டார், "நீங்க எத்தின தரம் போயிரிக்கீங்க மகள்?" மூன்று தரம் என்று சொன்னேன். சொல்லும்போது உன் பயணங்களில் மூன்றைத்தான் மனதில் நினைத்துக்கொண்டேன்.

நீ லீவில் வரும்போதெல்லாம் அலுவலகத்துக்கு வருவாய். தங்க நிறப் பட்டி தொங்கும் பெட்டியை வேண்டுமென்றே என் மேசைக்குப் பக்கத்தில் வைப்பாய். தங்க அட்டைக்காரர்கள் இருக்கும் ஓய்வறையில் குளிக்கலாம், சுடச்சுடச் சாப்பிடலாம், யாரும் வரிசையில் நிற்கச் சொல்ல மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போவாய். நான் "ம்" கொட்டிக்கொண்டு திரையைப் பார்ப்பேன்.

அந்த வருடம் உன் தரத்தைக் காப்பாற்ற ஒரேயொரு பயணம் தேவைப்பட்டது. நிறுவனப் பயணங்களை அவர்களே போட்டுத் தருவார்கள், லீவு டிக்கெட்டை மட்டும் நீ என்னிடம் போடுவாய்.

"இதோட என்ட தங்கம் நிக்கும்தானே புள்ள?" என்று நைரோபியிலிருந்து கேட்டாய்.

"ஓம், நிக்கும்," என்றேன்.

திரையில் ஒரே விமானத்துக்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. ஒன்றில் 'எம்'. மற்றதில் 'ஓ'. கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் 'ஓ'வை அழுத்தினேன். தவறுதலாக விரல் பட்டது என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். இல்லை. எழுத்தைப் பார்த்து, விளங்கி, அழுத்தினேன். ஒரு வருடத்துக்காவது நீயும் வரிசையில் நில் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை.

புது வருடம் பிறந்து சில நாட்களில் நீ வெள்ளிக்கு இறங்கினாய். "பரவாயில்ல புள்ள, கணக்குப் பிழச்சிட்டுப் போல," என்றாய். அந்தக் கிழமை எனக்குச் சோறு நன்றாக இறங்கியது.

நாலு மாதம் கழித்து ஒரு காலையில் உன் அழைப்பு வந்தது. "வாப்பா மவுத்து புள்ள. ஒரு சீட் பாரு. எப்படியாவது பாரு." விமானம் நிரம்பியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் உன்னைப் போட்டேன். அந்தப் பட்டியல் யார் முதலில் கேட்டார் என்று பார்க்காது, அட்டையின் நிறத்தைத்தான் பார்க்கும். உனக்கு மேலே ஒரு தங்கம் இருந்தது. நீ அவருக்கு முன்பே கேட்டிருந்தாய், உன் அட்டையும் தங்கமாக இருந்திருந்தால் நீதான் முதல். திரையை விட்டு எழும்பாமல் இருந்தேன். ஒரு சீட் திறந்தது. அது தங்கத்துக்குப் போனது. விமானம் மூடப்பட்டது.

சாய்ந்தமருதில் உன் வீட்டில் தகப்பனின் ஜனாஸாவை அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். நீ அதற்கடுத்த நாள் வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை. நேரே வாப்பாவின் அறைக்குள் போய், வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு, என் தோளில் விழுந்தாய். நான் உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு குனிந்து உன் செருப்பைக் கழற்றினேன்.

அடுத்த வருடமே நீ தங்கத்தைத் திரும்பப் பிடித்துவிட்டாய். சில வருடங்கள் கழித்து, என்னிடம் கேட்காமலே, சேர்ந்திருந்த மைல்களைக் கொடுத்து உனக்கும் எனக்குமாக இரண்டு உம்றா டிக்கெட்டுகளை எடுத்தாய். மைலுக்குத் தருகிற சீட்டுகள் ஒரு விமானத்தில் ஒன்றிரண்டுதான் திறக்கும். இரண்டும் ஒரே நாளில் கிடைப்பதற்காக மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய், பொறுமையே இல்லாத நீ. என் கணவர் வயலில் வேளாண்மை வெட்டு முடிந்த கையோடு நான் போகச் சரி என்றார்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உன் அட்டையைக் காட்டி என்னை விருந்தாளியாக ஓய்வறைக்குள் கூட்டிப் போனாய். பகல் வெளிச்சத்தில் கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் வரிசையாக நின்றன. தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னாய்:

"அந்த 'ஓ' எழுத்த நான் கண்டனான்கா."

"எந்த 'ஓ'?"

"விசர்க் கதை கதைக்காத. டிக்கெட்டப் பிரிண்ட் எடுக்கக்குள்ளயே கண்டன். நானும் அதே ஸ்டூல்ல இரிந்து படிச்சவள்தானே."

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவாய். மறுகா ஒன்னோட கதைக்க ஏலாமப் போயிரும்."

"வாப்பாட ஜனாஸாவுக்கு…" என்று தொடங்கினேன்.

"அதக் கதைக்காத." கோப்பையை நகர்த்தினாய். "அத நான் இன்னும் மன்னிக்கல்ல. மன்னிச்சித்தான் கூட்டிப் போறன் எண்டு நினைக்காத."

"அப்ப என்னத்துக்குக் கூட்டிப் போறாய்?"

"ஊருல எல்லாரும் என்னப் பாத்தாப் பாவம் எண்டுதான் சொல்ற. கலியாணம் இல்ல, புள்ள இல்ல, தனியப் பறந்து திரியிறா எண்டு. உம்மாவும் அப்படித்தான். நீ ஒருத்திதான் என்னப் பாத்து எரிஞ்சவள். நான் வாழுற வாழ்க்கைக்கும் ஒராள் ஆசப்படுது எண்டு எனக்கு அதாலதான் தெரியும்."

நான் அழுதேன். நீ அழவில்லை. என் தட்டில் இன்னொரு கேக் துண்டை எடுத்து வைத்தாய். விமானத்தில் ஜன்னலோரத்தை எனக்குத் தந்தாய். மேலெழும்பும்போது நான் உன் மணிக்கட்டை நசுக்கியதைப் பார்த்துச் சிரித்தாய்.

மக்காவில் உம்றாவை முடித்துக்கொண்டு மதீனாவுக்குப் போனோம். நாலாவது நாள் அஸர் தொழுதுவிட்டு அறைக்கு வந்தபோது மூச்சு இறுக்குகிறது என்றாய். கட்டிலில் சாய்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உன் கை என் கையில் பாரமாகிவிட்டது.

உன் ஜனாஸாவை மதீனாவின் பெரிய பள்ளிவாசலில் வைத்துத் தொழுதார்கள். எத்தனை ஆயிரம் பேர் என்று எனக்குத் தெரியாது. நான் பெண்கள் பக்கத்தில் நின்று, உன்னைக் காணாமலே, உனக்காகத் தக்பீர் கட்டித் தொழுதேன். பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே, பகீஉ அடக்கஸ்தலத்தில் அடக்கினார்கள். உம்றாவுக்குப் போகிற ஒவ்வொருவரும் மனதுக்குள் கேட்கிற மவுத்து அது. நானும் அந்த நாலு நாளும் அதைத்தான் கேட்டேன். கன்னத்தில் கண்ணீர் வழிய, ஸலாம் கொடுத்து அந்தத் தொழுகையை முடித்த நிமிடத்தில் எனக்குள் வந்த முதல் எண்ணம், 'இதையும் நீயே எடுத்துக்கொண்டாய்' என்பதுதான். அல்லாஹ் அறிவான்.

திரும்பி வரும்போது உன் சீட் காத்திருந்தவர்களில் ஒருவருக்குப் போனது. வயதான ஒரு பெண். கடைசி நேரத்தில் இடம் கிடைத்ததாம், மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம், இடைவிடாமல் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டிருந்தார். வழி முழுவதும் நான் அவருக்குப் பெல்ட் போட்டுவிடவும், தண்ணி வாங்கிக் கொடுக்கவும், கடவுச்சீட்டைப் பார்த்துப் படிவம் நிரப்பவுமாக இருந்தேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் உன் உம்மாவிடம் போய் அந்த எழுத்தைப் பற்றிச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. என் கைக்குள் இருந்த தன் கையை அவர் எடுத்துக்கொண்டார். எழும்பிக் குசினி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனேன். கதவைத் திறப்பார், தேத்தண்ணி வைப்பார், கதைக்க மாட்டார்.

உன் நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வீடு நிறையப் பெண்கள். மதீனாவில் அடங்கக் கொடுத்து வைத்தவள் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகும், சாப்பிட்ட சஹன் தட்டுகளை எடுத்துக்கொண்டிருக்கும்போது உன் மாமி பெருமூச்சு விட்டார்.

"என்ன இரிந்தும் பாவம் அவ. ஒரு கலியாணத்தக் காணாமப் போயிட்டா."

"பாவம் எண்டு சொல்லாதீங்க மாமி," என்றேன். என் குரல் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. "நான் அவக்கு எரிச்சல்பட்டவள். அவட வேலைக்கு, அவட கார்டுக்கு, இப்ப அவட மவுத்துக்கும் எரியிறன். இந்த ஊருல எனக்கு வேற ஆரப் பாத்தும் அப்படி எரிஞ்சதில்ல."

யாரோ பதறி அஸ்தஃபிருல்லாஹ் சொன்னார்கள். உன் உம்மா சஹனைத் துடைப்பதை நிறுத்திவிட்டு, இத்தனை நாளில் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்," என்றார். "எரியத்தான் வேணும். என்ட மகள் அப்படித்தான் வாழ்ந்தா."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நான் செய்ததற்காகப் பாவமன்னிப்புக் கேட்கிறேன். மதீனாவில் இருக்கும் உன் கபுறை விசாலமாக்கச் சொல்லிக் கேட்கிறேன். இந்த எரிச்சலை என்னிடமிருந்து எடுத்துவிடு என்று மட்டும் கேட்பதில்லை.