வாசிக்காமல் விட்ட வரி

கார்த்திகை 14, வியாழன்

நான் பார்த்துக்கொள்ளும் சின்யோராவுக்கு இன்று அயர்லாந்திலிருந்து அவருடைய அண்ணனின் கடிதம் வந்தது. அங்கே ஒரு மாளிகையில் பிறந்தவர் சின்யோரா. இந்தப் பலெர்மோ நகரத்து இத்தாலியரைக் கட்டியதற்காக வீட்டார் நாற்பது வருடமாக அந்த வாசலை மிதிக்க விடவில்லை. ஒரு கடிதமும் இல்லை. இதுதான் முதல்.

அவருக்குக் கண் தெரியாது. பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்து நான்தான் வாசித்தேன். மழை, குதிரைகள், கூரை ஒழுக்கு. கடைசி வரி, "எனக்கு இனி அதிக நாளில்லை, வீட்டுக்கு வா."

அவர் போனால் என் வேலை போகும். வேலை இல்லாமல் அடுத்த மாதம், இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முடியாது. அந்த வரியை வாசிக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார்.

"ஸீ, சின்யோரா."

வியா மக்வேதா தெரு முழுக்க நடந்தே வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"பெர்மெஸ்ஸோ கையில வரட்டும். பிறகு சொல்லுவம்."

"அதுக்குள்ள அந்த மனுசன் செத்துப்போனால்?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒன்றை இவரிடமும் சொல்லவில்லை. நான் புறப்படும்போது சின்யோரா கடிதத்தை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தார்.

"நாப்பது வருசம் கழிச்சு, கூரை ஒழுகுறதைச் சொல்லவா அண்ணன் எழுதினவர்? நாளைக்கு ஜன்னலடி வெளிச்சத்தில இருந்து இன்னொருக்கா வாசி."

காலை எட்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும்.