முதல் தர ஷீட்டில் ஒரு வாசர்

12-6-1955, ஞாயிறு

காலை முழுவதும் வண்டிக்கு அடியில் கிடந்தேன். புகைக்குழாயில் ஓட்டை. மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கிச் சுற்றி, கம்பியால் இறுக்கினேன். சத்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி இருக்கட்டும், எதிரே வருகிறவன் விலகிக்கொள்வான்.

இருபத்தொரு வருஷத்து ஆஸ்டின். எஸ்டேட் துரை ஊரைவிட்டுப் போகும்போது எனக்கு விற்றது. மைல் முள் தொண்ணூற்று மூவாயிரத்தில் நின்று நாலு வருஷம் ஆகிறது. ரப்பர் ஷீட் வியாபாரிக்குக் கார் எதற்கு என்று குலசேகரத்தில் கேட்காத வாய் கிடையாது. கேட்கிறவனுக்கு என்ன? என் வீட்டுக்காரி செல்லக்கனிக்கு மூச்சிழுப்பு முற்றினால் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவன் நான். ஊசி போட்டால்தான் அவளுக்கு மூச்சு திரும்பும். போன மழையில் மட்டும் மூன்று தடவை. ஒரு தடவைகூட வழியில் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரன் எவன் கையும் இதில் படவிடாததுதான் காரணம்.

"வண்டிக்க அடியில கெடக்க நேரத்துல பாதி எனக்க பக்கத்துல இருந்தா, இழுப்பு ஏன் வருது?" என்கிறாள் செல்லக்கனி.

அவள் உட்காரும் இடப்பக்கக் கதவின் கொண்டி தேய்ந்துபோய், குலுங்கினால் திறந்துகொள்ளும். ஒரு கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஏறியதும் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்வாள். "இதையும் ஒருநாள் பாருங்களேன்" என்றாள். பார்க்கணும்.

26-6

பின் டயர் பஞ்சர். ஒட்டுகிற பசை தீர்ந்திருந்தது. வழக்கம்போல, பால் வெட்டிய ரப்பர் மரத்தில் வழிந்து காய்ந்திருந்த ஒட்டுப்பாலைக் கிள்ளிக் குப்பியில் போட்டு, பெட்ரோல் ஊற்றி வைத்தேன். இரண்டு நாளில் கரைந்து தேனாகிவிடும். கடையில் விற்கிற பசை இதன் கிட்டே வராது.

9-7

மழை விடவில்லை. ஷீட் காயவில்லை. செல்லக்கனி இரண்டு தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடியேதான் தூங்குகிறாள்.

17-7, ஞாயிறு

பெட்ரோல் பம்பில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு, பெட்ரோலோடு வரும் தூசி தங்குவதற்கு. அதன் வாயில் இருக்கும் கார்க் வாசர் பிய்ந்து சொட்டுகிறது. ஞானசிங் வந்திருந்தான், நம் ஷீட்டை லாரியில் நாகர்கோவிலுக்கு ஏற்றிப் போகிறவன்.

"நாளைக்கு லோடு உண்டு அண்ணாச்சி. கார்க்கு வாசர் நான் வாங்கிட்டு வாறேன். ரெண்டு நாள் பொறுத்துக்கிடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ரப்பர் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாசருக்கு நாகர்கோவிலுக்கு ஆள் அனுப்புவதா? ஷீட்டைப் புகையில் காயவைக்கும் புகைப்புரைக்குப் போய் முதல் தர ஷீட் ஒன்றை உருவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு குமிழி கிடையாது, ஒரு அழுக்கு கிடையாது. பிளேடால் வட்டமாக வெட்டி வைத்து இறுக்கினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"பெட்ரோலுக்கு இது தாங்குமா அண்ணாச்சி?" என்று இழுத்தான்.

"ஏலே, கரையது ஒட்டுப்பாலு. இது புகை போட்ட முதல் தரம். இருபது வருசமா ரப்பர் தரம் பிரிக்கவனுக்கு நீ சொல்லித் தாறியா?"

தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

24-7

மகள் பகவதியைப் பார்க்க இரணியலுக்குப் போய்வந்தோம். வண்டி ஜம்மென்று போய் அவள் வீட்டு வாசலில் நின்றது. மருமகனுக்கு எஞ்சின் மூடியைத் திறந்து வாசரைக் காட்டினேன். சொட்டவே இல்லை, நன்றாகப் பருத்து உட்கார்ந்திருக்கிறது. திரும்பும்போது செல்லக்கனி, "ஒங்க வாசருக்கு ஒரு பொன்னாடை போத்தணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துச் சிரித்து, இருமல் வந்துவிட்டது.

3-8

எழுதிவிட வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இழுப்பு வந்தது. நல்ல மழை. தூக்கிக்கொண்டு போய் வண்டியில் இருத்தினேன். கயிற்றைப் பிடிக்க அவள் கையில் வலு இல்லை, நானே சீட்டின் காலோடு கட்டினேன். திருவட்டார் தாண்டி ஏற்றத்தில் வண்டி இரண்டு தடவை திணறி நின்றுவிட்டது.

மழை நனைத்துக் கரண்ட் பாயவில்லை என்று நினைத்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். வயரைத் துடைத்தேன். மறுபடியும் கழற்றினேன். ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றித் தோள் விட்டுப்போயிற்று. பெட்ரோல் பக்கம் கை போகவே இல்லை. அதுதான் நான் செய்ததாயிற்றே!

ஒரு பஸ் வந்தது. செல்லக்கனி கண்ணாடி வழியாக அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இதுல... போயிரலாமா?" என்றாள்.

"இரு, இப்ப ஸ்டார்ட் ஆயிரும்" என்றேன். பஸ் போய்விட்டது.

ஏன் கை காட்டவில்லை? எனக்க வண்டி நின்னுட்டுன்னு நாலு பேரு பாக்கப்பிடாதுன்னா? அதுக்காவா? படுபாவி, அதுக்காவா?

அடுத்து வந்தது ஒரு மாட்டு வண்டி. அதில் ஏற்றும்போது "பதறாதீங்க" என்றாள். அதுதான் கடைசி. வேர்க்கிளம்பி வரைகூடப் போய்ச் சேரவில்லை.

மறுநாள் எங்கள் வழக்கப்படி வடக்குப் பார்த்து இருத்தி அடக்கினோம். நான் இட்ட நாமம் அவள் மூக்கில் வழிந்தது. பகவதிதான் துடைத்துவிட்டாள்.

"வண்டி பழசு அப்பா. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று என்னைத் தேற்றுகிறாள்.

15-8, திங்கள்

பதினாறு முடிந்தது. ரோட்டோரம் கிடந்த வண்டியை ஞானசிங் லாரியில் கட்டி இழுத்துக் கொண்டுவந்து விட்டிருந்தான். இன்றுதான் கார்புரேட்டரைத் திறந்தேன். பெட்ரோல் போகிற ஊசித் துவாரம் முழுக்கப் பிசின். விரலில் எடுத்தால் நூலாக நீள்கிறது. கிண்ணத்தைக் கழற்றினேன். என் முதல் தரம் பாதிதான் இருந்தது, மீதி கரைந்து போயிருந்தது.

பஞ்சர் பசை. குப்பியில் நானே செய்கிற அதே பசை.

ஒட்டுப்பாலும் அந்த மரத்துப் பால்தான், ஷீட்டும் அந்த மரத்துப் பால்தான். புகை போட்டால் மட்டும் என்ன, பெட்ரோல் தரம் பார்த்தா கரைக்கும்? இது எனக்குத் தெரியாதா? தெரியும். என் கைக்கே தெரியும்.

மிச்சமிருந்த வாசரை ஒரு குப்பியில் போட்டு மூடினேன். மற்றதையெல்லாம் துடைத்து மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

22-8

பகவதி இன்னும் இங்கேதான் இருக்கிறாள். நேரத்துக்குக் கஞ்சி வைத்துத் தருகிறாள். அவள் அன்பாகப் பேசப்பேச நான் பாதிக் கஞ்சியோடு எழுந்துவிடுகிறேன்.

4-9, ஞாயிறு

ஞானசிங் வந்தான். அவன் லாரியிலும் அந்தக் கிண்ணம் ஒழுகுகிறதாம்.

"அண்ணாச்சி, அன்னைக்கு போட்டியளே, அது மாதிரி ஒண்ணு வெட்டித் தருவியளா? நாகர்கோயில்ல கேட்டேன், கார்க்கு கிட்டல. நாளைக்கு காலத்தே லோடு ஏறணும்."

பகவதி அவனுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தாள். கார்க்தான் நல்லது என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாமா என்று பார்த்தேன். சரி என்று போவான். போய், தானே ஒன்றை வெட்டிப் போட்டுக்கொண்டு பாரத்தோடு ரோட்டில் இறங்குவான். சொல்லிக் கொடுத்தவன் நான் அல்லவா?

எழுந்துபோய்க் குப்பியை எடுத்து வந்தேன்.

"இதுதான் மக்கா அது. அன்னைக்கு வண்டி நின்னது இதுனாலதான். நீ கார்க்கு வாங்கிட்டு வாறேன்னு சொன்ன, நான் கேக்கல. பஸ்ஸும் ஒண்ணு வந்தது. அதுக்கும் கை காட்டல."

ஞானசிங் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். காப்பியைக் குடிக்காமல் போய்விட்டான்.

பகவதி இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"பஸ்ஸு வந்ததா?"

"வந்தது."

"அம்மை கேட்டாளா?"

"கேட்டா."

5-9

காலை பஸ்ஸில் பகவதி இரணியலுக்குப் போய்விட்டாள். வண்டியில் கொண்டு விடட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

11-9

காலையில் பார்த்தால் வாசல் படியில் ஒரு கார்க் வாசர், காகிதத்தில் பொதிந்து. ஞானசிங் எங்கிருந்தோ வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மாட்டினேன். வண்டி ஓடுகிறது. எங்கே போக?

9-10, ஞாயிறு

இடப்பக்கக் கதவுக்குப் புதுக் கொண்டி வைத்தேன். அரைமணி நேர வேலை. வெறும் அரைமணி நேரம்.

30-10, ஞாயிறு

பகவதி வந்தாள். அம்மையின் சேலைகளை எடுத்துப் போகவாம். பகல் முழுக்கப் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பஸ் வரும் நேரம். சேலை மூட்டையை இடுக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கியவள் ரோட்டுக்குப் போகாமல் வண்டியிடம் போய் நின்றாள்.

"கொண்டு விடுங்க" என்றாள்.

முன்னால், அம்மை இருக்கும் பக்கத்தில் ஏறினாள். கதவைச் சாத்தியதும் அவள் கை தானாகக் கயிற்றைத் தேடிற்று.

"கயிறு வேண்டாம் மக்கா. கொண்டி வச்சிட்டேன். இனி திறக்காது."

உள்ளேயிருந்து கதவை ஒரு தடவை தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"அம்மை இருக்கும்போ வச்சிருக்கலாம்லா அப்பா" என்றாள்.

வச்சிருக்கலாம்.

திருவட்டார் தாண்டி அந்த ஏற்றம் வந்தது. வண்டி திணறாமல் ஏறியது. அங்கே வந்ததும் பகவதி மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் வண்டியை நிறுத்தவில்லை.